கொலின் சப்மன்: பாரம் குறைத்தவர் கதை

என் பழைய மாணாக்கர் ஒருவர் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனப் பொறிநுட்பம் கற்பிக்கின்றார். மாணவர்க்குத் தமிழிற் குறிப்பு எழுதும்போது கலைச்சொற்கள் முட்டுப்படுகின்றன என்றும், சிலவற்றை யான் பார்த்துத் தரவேண்டும் என்றும் கேட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்தார். கையில் நீண்டதொரு சொல்நிரல். அதில் ஒரு சொல்லுக்கு, காரின் நடுவே முதுகெலும்பு போல ஓடும் ஒற்றைச் சட்டம் என்று விளக்கம் எழுதி, லோட்டஸ் எலான், 1962 என உதாரணமும் குறித்திருந்தார். லோட்டஸ் என்றால் தாமரை. இரும்பும் எண்ணெயுமான பொருளுக்குத் தாமரையென்று பெயரிட்டவர் யாரோ என்று கேட்டேன். கேட்டது ஒரு கேள்வி. விடை மூன்று மாலைப்பொழுது நீண்டது. பின்னர் அவர் கொண்டுவந்து தந்த நூல்களையும் சஞ்சிகைகளையும் யானும் படித்தேன். இலக்கணம் கற்பிப்பவனுக்குக் கார் எதற்கு என்று அன்பர்கள் நகைக்கலாம். நகைத்தபின் படிக்குமாறு வேண்டுகின்றேன்.

அச்சஞ்சிகைகளில் ஒரு செய்தி என்னை நிறுத்திற்று. எலான் என்னும் அச்சிறு கார் 1973ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அதனை விரும்புவோர் அன்றுதொட்டு அதற்கொரு வழித்தோன்றல் வேண்டுமென்று கேட்டுவருகின்றனர். அவர்கள் கேட்பன எவை? கூரை வேண்டாம், இரண்டு இருக்கைக்கு மேல் வேண்டாம், ஸ்டியரிங்கைத் திருப்ப மின்னுதவி வேண்டாம், தானாக மாறும் கியர் வேண்டாம், அகன்ற சில்லு வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாரம் வேண்டாம். உலகத்தார் புதுக்காரில் இன்னின்ன இருக்கின்றனவா என்று வினவ, இவர்கள் இன்னின்ன இல்லாதிருக்கின்றனவா என்று வினவுகின்றனர். இந்த இல்லாமைகளையெல்லாம் ஒரு கலையாக்கியவர் கொலின் சப்மன் என்னும் ஆங்கிலேயர்.

அந்தொனி கொலின் புறூஸ் சப்மன் 1928ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி இலண்டனை அடுத்த றிச்மண்டிற் பிறந்தார். தந்தையார் வட இலண்டனின் ஹோர்ன்சிப் பகுதியில் றெயில்வே ஹொட்டேல் என்னும் விடுதியை நடத்தியவர். சப்மன் 1945இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் சேர்ந்து பயின்றது மோட்டார்ப் பொறியியல் அன்று. பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் உரிய கட்டமைப்புப் பொறியியல். இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒரு பாரம் எவ்வழியாக இறங்குகின்றது, எந்தக் கம்பி அதனைத் தாங்குகின்றது, எந்தக் கம்பி ஒன்றும் செய்யாது வாளா கிடக்கின்றது என்று பார்க்கும் கண் அவருக்கு அங்கே வாய்த்தது. பல்கலைக்கழக வான்படைப் பிரிவில் விமானம் ஓட்டவும் பழகினார். விமானத்தில் வீண் பாரம் ஏற்றுவார் இலர்.

படிக்கும்போதே நண்பர் ஒருவரோடு சேர்ந்து பழைய கார் வாங்கி விற்றார். அக்காலத்திற் பிரித்தானியாவிற் பெற்றோல் பங்கீட்டு முறையிலேதான் கிடைத்தது. 1947இல் தனியார் காருக்கு வழங்கிய அடிப்படைப் பங்கும் நிறுத்தப்பட்டது. கார் வாங்க ஆளில்லை. பெற்றோல் இல்லாத ஊரிற் காரின் விலை என்னவாகும் என்பதை, 1990களில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பழைய ஒஸ்டின் ஓட்டிய யாழ்ப்பாணத்தவர்க்கு யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கைப்பொருள் எல்லாம் கரைய, சப்மனிடம் விலைபோகாது எஞ்சியது பழைய ஒஸ்டின் செவின் ஒன்று. அதனைக் கழற்றி, அக்காலத்துத் தம் தோழியும் பின்னாளில் மனைவியுமான ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக் கொட்டிலில் வைத்துப் புதிதாகக் கட்டினார். 1948இல் அது லோட்டஸ் என்னும் பெயரோடு வெளிவந்தது.

அப்பெயரின் காரணத்தைச் சப்மன் இறுதிவரை வெளியிடவில்லை. ஹேசலுக்கு அவர் இட்ட செல்லப்பெயர் அது என்று ஒரு கதை உண்டு. அகப்பொருட் பாட்டில் தலைவியின் பெயரைச் சுட்டிக் கூறாமை எம் மரபு. அம்மரபு அவருக்கும் தெரிந்திருந்தது போலும்.

கணிதத்தில் ஒருமுறை தவறி, மறுமுறை எழுதி, 1949இற் பட்டம் பெற்றார். அலுமினியக் கம்பனி ஒன்றிற் பகலில் உத்தியோகம். இரவில் தந்தையாரின் விடுதிக்குப் பின்புறத்துக் குதிரை லாயத்தில் நண்பர்களோடு கார் கட்டும் வேலை. 1952இல் ஹேசல் கடனாகத் தந்த 25 பவுணோடு லோட்டஸ் கம்பனி தொடங்கிற்று. மெல்லிய குழாய்களை முக்கோண முக்கோணமாக ஒட்டி, எந்தக் குழாயும் வளைவுக்கு ஆளாகாமல் இழுவிசையோ அமுக்கமோ மட்டும் தாங்குமாறு அமைத்த சட்டமே அக்காலத்து லோட்டஸின் சிறப்பு. பாலம் கட்டப் படித்தவர் பாலத்துக்குச் சில்லுப் பூட்டினார் என்க. 1957இல் வந்த செவின் என்னும் கார் இவ்வகையின் முடிந்த வடிவம். கதவும் இல்லை, ஏறுவார் காலைத் தூக்கி உள்ளே வைத்து இறங்கவேண்டும்.

சப்மனின் முறையை இலக்கணக்காரர் மொழியிற் சொல்லிப் பார்க்கின்றேன். செய்யுளில் இரட்டுற மொழிதல் என்று ஓர் அணி உண்டு. ஒரு சொற்றொடர் இரு பொருளைச் சுமந்து நிற்பது. இரண்டு பாட்டுச் செய்யும் வேலையை ஒரு பாட்டுச் செய்துவிடும். சப்மன் தம் காரின் உறுப்பு ஒவ்வொன்றையும் இவ்வாறே இரட்டுற மொழிய வைத்தார். 1957இற் காட்சிக்கு வந்த எலீட் என்னும் காரிற் கண்ணாடியிழை உடலே சட்டமுமாயிற்று. பின்சில்லைச் சுழற்றும் தண்டே அச்சில்லைப் பிடித்து நிறுத்தும் கையுமாயிற்று. காற்றைக் கிழிக்கும் திறத்தில் அதற்கு ஈடான கார் அன்று அருமை. ஆனால் கம்பனிக்கு அதனால் நட்டமே மிஞ்சியது. அந்த நட்டத்திலிருந்து பிறந்ததே எலான்.

எலானைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும்.

அதன் வடிவமைப்புப் பொறுப்பைச் சப்மன் ரொன் ஹிக்மன் என்னும் தென்னாபிரிக்கரிடம் கொடுத்தார். தச்சர்கள் மடித்து எடுத்துச் செல்லும் வேர்க்மேட் என்னும் வேலை மேசையைப் பின்னாளிற் புனைந்தவரும் அவரே. எலானையும் எலீட்டைப் போலத் தனிச்சட்டம் இன்றிக் கண்ணாடியிழையிலேயே கட்ட முதலில் எண்ணினர். அதற்கிடையில், சில்லுகளையும் வில்லுகளையும் சோதிக்க ஒரு தற்காலிகச் சட்டம் தேவைப்பட்டது. உருக்குத் தகட்டைப் பெட்டி போல மடித்து, நடுவில் ஒற்றை முதுகெலும்பாகவும் இரு முனைகளிலும் கவர்விட்டதாகவும் ஒன்று செய்தனர். முன் கவரில் இயந்திரம். பின் கவரிற் சில்லுகளுக்கு விசை பிரிக்கும் கியர்ப்பெட்டி. முதுகெலும்பின் இரு மருங்கிலும் ஓட்டுபவரும் துணைவரும். அந்தத் தற்காலிகச் சட்டம் முறுக்கத்தை அத்துணை உறுதியாகத் தாங்கியமையால் அதுவே நிலைத்துவிட்டது. இயந்திரத்தின் அடிப்பகுதி போர்ட் கம்பனியுடையது. அதன்மேல் இரட்டைக் கேம் தண்டுள்ள தலைப்பகுதியை ஹரி மண்டி என்பவர் வரைந்தார். 1,558 கன சென்ரிமீற்றர்க் கொள்ளளவு, 105 குதிரைவலு. 1962 ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் எலான் வெளிவந்தது. அதன் நிறை ஏறத்தாழ 1,500 இறாத்தல், அஃதாவது 680 கிலோ. எம் வீதிகளில் இன்று ஓடும் கலப்பியந்திரக் கார் ஒன்று ஏறத்தாழ அதன் இருமடங்கு நிறையுடையது.

பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்பது யாவர்க்கும் தெரியும். எனக்கு வியப்பளித்தது வேறொன்று. வேகமான கார் என்றால் வில்லுக் கடினமாக இருக்கும், ஏறியிருப்பார் இடுப்பு நோகும் என்பதே பொது வழக்கு. எலானின் வில்லுகளோ மெத்தென்றவை. குண்டும் குழியுமான வீதியிற் சில்லு நெடுந்தூரம் மேலும் கீழும் சென்றுவர, உடல் அமைதியாக மிதந்து செல்லும். இது எங்ஙனம் கூடிற்று? சட்டம் உறுதியாக நிற்பதால், சில்லைப் பிடிக்கும் கைகள் தம் கோணம் பிறழாது இயங்குகின்றன. ஆகவே கடினமான வில்லைக் கொண்டு சட்டத்தின் தளர்ச்சியை மறைக்கும் தேவை இல்லை. பாரம் சிறிதாதலால் அதனை அடக்கி வைக்க வன்மையான வில்லும் வேண்டா. சில்லு ஒடுங்கியது, முன்பக்கத்துப் பாரமும் குறைவு, எனவே ஸ்டியரிங்கைத் திருப்ப வேறு உதவி எதுவும் வேண்டா. வீதியின் சொரசொரப்பு ஓட்டுபவரின் விரல்நுனியிலே தெரியும். ஒன்றைக் குறைத்தமையால் இன்னொன்று தேவையற்றுப்போக, அது தேவையற்றுப்போனமையால் மூன்றாவதும் நீங்கிற்று. மக்லாரன் எப்1 என்னும் புகழ்பெற்ற காரை 1992இல் உருவாக்கிய கோர்டன் மறே, எலானின் ஸ்டியரிங்குக்கு நிகரான ஒன்றைத் தம் காருக்குக் கொடுக்க முடியாமற் போனதைக் குறையாகவே சொல்லியிருக்கின்றார்.

இனி முகவிளக்கு. எலானின் முகவிளக்குகள் பகலில் மூடிக்கிடந்து, வேண்டும்போது எழும். எழுப்புவதற்கு மோட்டார் வைத்தாற் பாரம் கூடும். ஆகவே இயந்திரத்தின் உறிஞ்சுவிசையைப் பயன்படுத்தினர். உறிஞ்சிய வெற்றிடத்தைச் சேமிக்க ஒரு கலம் வேண்டும் அல்லவா? அதற்குத் தனிக்கலம் வைக்கவில்லை. சட்டத்தின் முன்புறக் குறுக்குப் பெட்டியையே காற்றுப் புகாது அடைத்துக் கலமாக்கினர். காரைத் தாங்கும் சட்டமே விளக்கைத் தூக்கும் சட்டியும் ஆயிற்று. இதனினும் அழகிய இரட்டுற மொழிதலை யான் எந்த இயந்திரத்திலும் கேட்டதில்லை. ஆனால் கதை அவ்வளவில் முடியவில்லை. அக்குறுக்குப் பெட்டி துருப்பிடிக்கும். துருவால் ஒரு சிறு துளை விழுந்தால் வெற்றிடம் கசியும். பழைய எலான்களில் விளக்கை எழுப்பிப் பிடித்திருப்பது அவ்வெற்றிடமே. அது கசிந்தால் இரவில் ஓடும்போதே விளக்குகள் மெல்லக் கண்மூடும். பின்வந்த எலான்களில் இம்முறையைத் தலைகீழாக்கி, வெற்றிடம் போனால் விளக்கு எழுமாறு செய்தனர்.

விலையைக் குறைக்க ஓர் உபாயமும் செய்தனர். முழுக் காருக்குக் கொள்வனவு வரி உண்டு. பகுதி பகுதியாக வாங்கி வீட்டிற் பூட்டிக்கொள்பவருக்கு அவ்வரி இல்லை. பகுதிகளாக எலான் வாங்கினால் 1,095 பவுண். பூட்டும் முறையை எழுதிக் கொடுப்பதும் விதிக்கு முரண் என்றதனால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, வாங்கியவரைப் பின்னிருந்து முன்னாகப் படித்துக்கொள்ள விட்டனர் என்று ஒரு கதை சொல்வார்கள். விதியின் சொல்லைக் காத்து அதன் பொருளை விடுகின்ற இவ்வித்தையிற் சப்மனுக்கு இருந்த ஆசை, பின்னாளில் அவருக்கு நன்மை பயக்கவில்லை.

பந்தயத்தில் அவர் அடைந்த வெற்றிகளைச் சுருக்கமாகவே சொல்கின்றேன்; விரிக்கும் நூல்கள் பல உள. எலான் வந்த அதே 1962இல், லோட்டஸ் 25 என்னும் பந்தயக் காரிற் குழாய்ச் சட்டத்தை அறவே நீக்கி, தகட்டு உடலையே சட்டமாக்கினார். அக்காரில் ஸ்கொட்லாந்து விவசாயக் குடும்பத்து இளைஞர் ஜிம் கிளார்க் 1963இல் உலகச் சம்பியனானார். 1965இல் மீண்டும் சம்பியனாகி, அதே ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் பந்தயத்தையும் லோட்டஸிலே வென்றார். 1967இன் லோட்டஸ் 49இல் இயந்திரமே காரின் பின்பாதிச் சட்டமாயிற்று. 1970களின் இறுதியிற் காரின் அடிப்புறத்தை விமானச் சிறகைத் தலைகீழாக்கியது போல அமைத்து, காற்றே காரை நிலத்தோடு அமுக்குமாறு செய்தார். 1963 முதல் 1978 வரை ஏழு முறை போர்முலா வண் தயாரிப்பாளர் பட்டம் லோட்டஸுக்கு. தம் கார் வென்று வரும்போது தலையிலிருந்த கறுப்புத் தொப்பியைக் கழற்றி வானில் வீசுவது அவர் வழக்கம்.

தொப்பியை வீசாத நாள்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1960இற் பெல்ஜியப் பந்தயத்துக்கான பயிற்சியில் ஸ்டேர்லிங் மொஸ் ஓட்டிய லோட்டஸின் பின்சில்லு கழன்று அவர் கால்கள் முறிந்தன. அன்றே இன்னொரு லோட்டஸின் ஸ்டியரிங் தண்டு ஒடிந்து மைக் டெய்லர் என்பவர் படுகாயமுற்றார். 1968 ஏப்பிரல் 7ஆம் திகதி ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் மரங்களில் மோதி இறந்தார். தாம் பெற்ற 25 கிராண்ட் பிறீ வெற்றிகளையும் லோட்டஸிலேயே பெற்றவர் அவர். அடுத்த மாதம் மைக் ஸ்பென்ஸ் இந்தியானாபொலிஸில் இறந்தார். கிளார்க்கின் மரணத்தின் பின் ஒரு மாதம் புதுக்கார்களின் பச்சை மஞ்சட் சின்னத்தைக் கறுப்பாக்கச் சப்மன் கட்டளையிட்டார் என்பர். துயரம் பொய்யன்று. ஆயினும் முறை மாறவில்லை.

1969இல் ஸ்பெயினில் ஒரே பந்தயத்தில் லோட்டஸ் கார் இரண்டின் உயர்ந்த சிறகுகள் அடுத்தடுத்து முறிந்தன. கிரகம் ஹில் தப்பினார். ஜொக்கன் றிண்ட் காயமுற்றார். அதன்பின் றிண்ட் சப்மனுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். லோட்டஸ் கார்கள் மிக விரைவானவை. மெலிந்த உறுப்புகளை வலுப்படுத்தச் சில இறாத்தல் கூட்டினாலும் அவை பின்தங்கமாட்டா. தமக்குக் காரின்மேல் நம்பிக்கை வேண்டும், அந்த நம்பிக்கை குறைந்துகொண்டே வருகின்றது என்பது அதன் சாரம். சில இறாத்தல்! 1970 செப்ரெம்பர் 5ஆம் திகதி இத்தாலியின் மொன்சாவிற் பயிற்சியின்போது அவருடைய லோட்டஸ் 72இன் முன் பிரேக் தண்டு முறிந்தது. பிரேக்கைச் சில்லிலிருந்து உள்ளே தள்ளி வைத்துச் சில்லின் பாரத்தைக் குறைக்கும் உபாயத்துக்காக அமைந்த தண்டு அது. வீதியோரத் தடுப்பும் செம்மையாக அமைக்கப்படவில்லை. இருக்கைப் பட்டைகளுள் கீழ்ப்பட்டையை றிண்ட் அணிவதில்லை என்பதும் உண்மையே. பழி முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றுதல் நீதியன்று. ஆனால் அந்தக் கடிதம் இருக்கின்றது. அவ்வாண்டின் எஞ்சிய பந்தயங்களில் எவராலும் றிண்டின் புள்ளிகளை எட்ட முடியவில்லை. இறந்தபின் உலகச் சம்பியனானவர் அவர் ஒருவரே.

சப்மனின் பிற்காலத்தில் என் மனம் செல்லவில்லை. ஆகவே விரைந்து செல்கின்றேன். 1966இல் நோர்போக் மாகாணத்து ஹெதல் என்னுமிடத்தில், போர்க்காலத்து விமானத்தளம் ஒன்றிற்குக் கம்பனி குடிபெயர்ந்தது. 1970களில் அவர் சிறிய காரைக் கைவிட்டுச் செல்வர்க்கான பெரிய காருக்குச் சென்றார். 1973இல் எலான் நின்றது. அதே ஆண்டிற் செவின் காரைச் செய்யும் உரிமையை விற்பனையாளராகிய கேட்டரம் கம்பனிக்குக் கொடுத்துவிட்டார். 1978இல் அமெரிக்கரான ஜோன் டிலோறியன் வட அயர்லாந்திற் செய்யவிருந்த காருக்குப் பொறியியல் வேலை செய்யும் ஒப்பந்தம் வந்தது. பிரித்தானிய அரசின் பொதுப்பணமும் கலந்திருந்த அம்முயற்சியிற் பல மில்லியன் டொலர், பனாமாவிற் பதிந்த ஒரு கம்பனியின் வழியாகச் சென்று மறைந்தது. விசாரணை நெருங்கும் வேளையில், 1982 டிசெம்பர் 16ஆம் திகதி, மாரடைப்பால் சப்மன் இறந்தார். வயது 54. அவ்வாண்டு ஓகஸ்டில் ஒஸ்திரியாவில் லோட்டஸ் மயிரிழையில் வென்றபோது அவர் வீசியதே தொப்பியின் கடைசி வீச்சு. அவருடைய நிதி அதிகாரி 1992இல் மூன்றாண்டுச் சிறை பெற்றார். சப்மன் உயிரோடு நின்றிருந்தாற் பத்தாண்டுக்குக் குறையாது என்று நீதிபதி கூறினார்.

இனி வழித்தோன்றலுக்கு வருவோம். 1986இல் லோட்டஸ் அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸின் கைக்குச் சென்றது. 1989இல் எலான் என்னும் அதே பெயரோடு புதுக்கார் ஒன்று ஹெதலிலிருந்தே வந்தது. இயந்திரம் ஜப்பானிய இசுசுவினுடையது. விசை செல்வதோ முன்சில்லுக்கு. வளைவுகளில் அது வீதியைப் பற்றிச் செல்லும் திறத்தை அறிந்தோர் வியந்தனர். ஆயினும் பழைய எலானை விரும்பியோர் அதனை ஏற்கவில்லை. முன்சில்லே இழுக்கவும் முன்சில்லே திரும்பவும் செய்தால், அந்த விரல்நுனிப் பேச்சுக் கலங்கிவிடும் என்பது அவர்கள் குறை. விலையும் அதிகம். 1992இல் நிறுத்தி, பின்னர்ச் சிறிது காலம் செய்து, கடைசியிற் கொரியாவின் கியா கம்பனிக்கு உரிமையை விற்றனர்.

அதே 1989இல், சில மாதம் முன்பாக, சிக்காகோக் கண்காட்சியில் ஜப்பானின் மஸ்டா கம்பனி எம்.எக்ஸ்-5 என்னும் சிறு காரைக் காட்டியிருந்தது. திறந்த கூரை, இரண்டு இருக்கை, முன்னால் இரட்டைக் கேம் தண்டு இயந்திரம், பின்சில்லுக்கு விசை, எழுந்து மூடும் முகவிளக்கு, ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைந்த நிறை. கியர்ப்பெட்டியையும் பின் விசைபிரி பெட்டியையும் பிணைத்து நடுவே ஓர் அலுமினியச் சட்டம் ஓடுகின்றது. எலானின் முதுகெலும்பை நினைவூட்டுவது. பழைய எலானை முன்வைத்துப் பயின்றே அதனைச் செய்தனர் என்பது மறைவான செய்தியன்று. துரோணரிடம் நேரிற் கற்காது, உருவத்தை வைத்துக் கற்ற ஏகலைவன் கதைதான். ஒரு வேறுபாடு உண்டு. ஏகலைவன் ஆசானின் வித்தையை அவ்வண்ணமே கற்றான். மஸ்டாவார் ஆசான் விட்ட குறையையும் கண்டுகொண்டனர். அவர்கள் கார் எண்ணெய் ஒழுகவில்லை. மழைக்காலக் காலையில் உடனே இயங்கிற்று. துருப்பிடித்து விளக்கு மூடவில்லை. விளக்குக்குத் தனி மோட்டார் வைத்திருந்தனர். றிண்ட் கேட்ட சில இறாத்தலை அவர்கள் ஏற்றினார்கள் என்று யான் படித்துக்கொண்டேன். 2016இல் அக்கார் பத்து இலட்சத்தை எட்டிற்று.

அதன் விளக்குகளும் 1998இல் நிலையான விளக்குகளாயின. எழும் விளக்குப் போனதே என்று இன்னும் புலம்புவோர் உளர். ஆனால் அவர்கள் கேட்பது விளக்கை அன்று என்பது என் எண்ணம். விளக்கைப் புதுக்காரிற் பொருத்திவிடலாம். மரப்பலகை முகப்பையும் பொருத்திவிடலாம். பொருத்த முடியாதது பாரமின்மை. மோதும்போது ஊதும் காற்றுப் பைகள், கதவுக்குள் உருக்குத் தண்டுகள், நசுங்கித் தாங்கும் முன்பகுதி என்பனவெல்லாம் இன்றைய காரில் இருந்தே ஆகவேண்டும். இவை அன்று இருந்திருந்தால் வீடு திரும்பியிருக்கக் கூடியவர் எத்தனை பேர் என்று எண்ணும்போது, பழைய காரின் மெல்லிய தூண்களையும் தாழ்ந்த கதவையும் அப்படியே கேட்பவரோடு என்னால் முழுதும் சேர முடியவில்லை.

ஹெதலிலும் ஒருமுறை அந்தக் கலை மீண்டது. 1996இல் வந்த எலீஸ் என்னும் லோட்டஸின் சட்டம் அலுமினிய நீள்துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்தது. சட்டத்தின் நிறை 68 கிலோ, முழுக் காரின் நிறை 725 கிலோ அளவு. இயந்திரம் நடுவில் இருந்தமையால் எலானின் நேர் வாரிசு அன்று; ஆயினும் சப்மன் கண்டிருந்தால் தொப்பியைக் கையில் எடுத்திருப்பார். 2021இல் அதுவும் நின்றது. 2017 முதல் லோட்டஸின் பெரும்பங்கு சீனத்துக் கீலிக் கம்பனியிடம். அதன்பின் தாமரைப் பெயரோடு வந்த எலெற்றே என்னும் மின்சாரக் கார் ஏறத்தாழ இரண்டரைத் தொன். பழைய எலான் மூன்றையும் அதற்கு மேலும் ஒரு தட்டில் ஏற்றலாம்.

கேட்டரம் கம்பனியார் 1973இல் வாங்கிய செவினை இன்றும் செய்து விற்கின்றனர். பகுதிகளாக வாங்கி வீட்டிற் பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். வழித்தோன்றல் வேண்டும் என்ற பேச்சே அக்காருக்கு எழவில்லை.

என் மாணாக்கரின் சொல்நிரலுக்கு முதுகந்தண்டுச் சட்டம் என்று எழுதிக் கொடுத்தேன். சற்று நீளம் என்றார் அவர். மாணவர் வாயில் நில்லாது என்றார். முதுகுச்சட்டம் என்று குறைத்தேன். சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, தண்டு என்பதையும் விட்டால் உறுதி தோன்றவில்லையே என்று ஐயுற்றார். இப்போது நிரலில் இரண்டும் இருக்கின்றன.